எருவோடு வந்த குரோமியத்தை நுண்ணுயிர் தின்றுவிடுமா?

கழனிக்காரி (குடிபாலா) | திங்கள், காலை 6:10

எல்லோருக்கும் வணக்கம். சித்தூர் மாவட்டம் குடிபாலாப் பக்கம் எங்கள் ஊர். தமிழ்நாட்டு எல்லை நடந்து போகும் தூரம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு. இரண்டு ஏக்கர் கழனி, ஒரு ஏக்கர் கொல்லை. கழனியில் நெல்லும் கரும்பும் மாறி மாறி வரும், கொல்லையில் நிலக்கடலை. சித்தூர்ப் பக்கம் நீவா என்றும் எல்லை தாண்டினால் பொன்னை என்றும் சொல்கிறோமே, அந்த ஆற்றின் ஊற்றுதான் எங்கள் கிணற்றுக்கும்.

போன வாரம் ஒரு வியாபாரி இரண்டு டிராக்டர் எருவைக் கொண்டுவந்து வரப்பு மேட்டில் கொட்டிவிட்டுப் போனார். பணத்தை அறுவடைக்குப் பிறகு கொடுத்தால் போதுமாம். தொழுவத்து எரு மாதிரி இல்லை அது. கருப்பில் ஒரு நீலச் சாயல் தெரிகிறது. ஈரமாக இருக்கும் இடத்தில் விரலில் பசைபோல ஒட்டுகிறது. காய்ந்த கட்டி ஒன்றை உடைத்தேன். உள்ளே ரோமம் நூல் நூலாக இருந்தது, நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெளிர்நீலச் சுருள் ஒன்று. கழுவிப் பார்த்தேன். தோல்.

போன் செய்து கேட்டேன். "கொஞ்சம் கன உலோகம் இருக்கும் அம்மா, அதற்குத்தான் இந்தக் கேன்" என்றார். எருவோடு பத்து லிட்டர் நுண்ணுயிர்க் கரைசலையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெல்லத்தோடு கலந்து ஊற்றினால் நுண்ணுயிர் உலோகத்தைத் தின்றுவிடும் என்கிறார். இது உண்மையா? இந்த வாரம் நாற்றங்கால் விட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்நேசன் (நகரி) | திங்கள், காலை 7:02

அக்கா, பயப்பட வேண்டாம். மண்ணில் இருக்கும் உயிர்களின் சக்தி நமக்கு முழுதாகத் தெரியாது. நான் ஒன்பது வருடமாக இயற்கை விவசாயம் செய்கிறேன். ஜீவாமிர்தம் ஊற்றிய நிலத்தில் எந்த நஞ்சும் நிற்பதில்லை. இருநூறு லிட்டர் தண்ணீர், பத்து கிலோ நாட்டுமாட்டுச் சாணம், கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். கேனை நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள். உலோகத்தை மாற்றும் பாக்டீரியாக்கள் இருப்பது விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்ட விஷயம்.

டிரம் போட்டவன் (ஆம்பூர்) | திங்கள், காலை 8:40

இருபத்திரண்டு வருடம் தோல் ஷாப்பில் வேலை செய்தவன் நான். நீலச் சுருள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனம் பதறியது, அதனால்தான் எழுதுகிறேன்.

அது வெட் புளூ. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, ரோமம் நீக்கி, அமிலத்தில் போட்டு, பிறகு பெரிய மர டிரம்மில் குரோமியம் சல்பேட்டோடு பல மணி நேரம் சுற்றவிடுவோம். வெளியே எடுக்கும்போது தோல் முழுக்க அந்த வெளிர்நீலம் ஏறியிருக்கும். பிறகு கனத்தைச் சமப்படுத்த மெஷினில் சீவும்போது விழுவதுதான் உங்கள் கையில் வந்த சுருள். போடுகிற குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் தோல் பிடிக்கும். மீதி தண்ணீரோடு போய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடாகத் தங்கும். உங்கள் வரப்பில் கிடப்பது அந்தக் கசடும் சீவலும் கலந்தது என்று நினைக்கிறேன்.

என் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். நாட்கணக்கில் குழியில் ஊறும். அந்தக் கழிவைத் தென்னைக்குக் கொட்டினார்கள். 1970களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்தது. முழுதாகப் பதனிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று ஆனபிறகு எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் குரோமுக்கு மாறியது. அந்தப் பழைய நினைப்பில் இதையும் எரு என்று எண்ணிவிடாதீர்கள்.

இன்னொன்று. இதில் உப்பும் இருக்கும். தோல் கெடாமல் இருக்கப் பச்சைத் தோலிலேயே உப்பைக் கொட்டித்தான் அனுப்புவார்கள். குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால் எங்கள் பக்கத்துக் கழனிகளில் முதலில் பயிரைக் கருக்கியது உப்புதான். அதை எந்த நுண்ணுயிரும் ஒன்றும் செய்ய முடியாது.

வேதியியல் வாத்தியார் (சித்தூர்) | திங்கள், பகல் 11:25

அம்மா, முதலில் அந்த மேட்டைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். மழை வந்தால் முதலில் இறங்குவது உப்பு. மற்றதைப் பிறகு பேசுவோம்.

வியாபாரி சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்று. அதில் ஒரு சொல் தவறு, மீதி பாதி உண்மை. 'தின்றுவிடும்' என்பதுதான் தவறு. பூச்சிமருந்தோ டீசலோ மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்கள் அதை உடைத்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்க முடியும். அங்கே 'தின்பது' பொருந்தும். குரோமியம் ஒரு தனிமம். அதை உடைக்க அடுப்பாலும் ஆகாது, அமிலத்தாலும் ஆகாது, நுண்ணுயிராலும் ஆகாது. இன்று ஒரு கிலோ கிடந்தால் நூறு வருடம் கழித்தும் ஒரு கிலோ எங்கேயோ கிடக்கும். எங்கே, எந்த உருவில் என்பதைத்தான் நுண்ணுயிர் மாற்றுகிறது.

ஆனால் அந்த மாற்றம் சின்ன விஷயம் இல்லை. குரோமியத்துக்கு மண்ணில் இரண்டு முக்கிய உருவங்கள். மூன்று இணைதிறன் கொண்டது ஒன்று. நீலமோ பச்சையோ இருக்கும். அமிலம் இல்லாத மண்ணில் கரையாத ஹைட்ராக்சைடாகப் படிந்து அங்கேயே கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்டது மற்றொன்று. மஞ்சள் நிறம், தண்ணீரில் நன்றாகக் கரையும், எதிர்மின் சுமை கொண்டது. களிமண்ணும் எதிர்மின் சுமை கொண்டதாகையால் இதைப் பிடித்து நிறுத்தாது. நேராகக் கிணற்றுக்குப் போகும். புற்றுநோய் உண்டாக்குவதும் இதுதான்.

ஆறை மூன்றாக மாற்றும் பாக்டீரியாவை 1977ஆம் ஆண்டு சோவியத் நாட்டு ஆய்வாளர்கள் ரொமானென்கோவும் கொரென்கோவும் விவரித்தார்கள். அதற்குப் பிறகு சூடோமோனாஸ், பேசில்லஸ் என்று எத்தனையோ வகைகளில் அதே திறன் தெரியவந்தது. தம்பி மண்நேசன் 'விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டது' என்று எழுதியது இந்தத் திறனைத்தான். அது உண்மை.

ஆனால் உங்கள் எருவில் இருப்பது பெரும்பாலும் ஏற்கெனவே மூன்றாக உள்ள குரோமியம். வியாபாரியின் கேனில் உள்ள நுண்ணுயிர் இதை எதாக மாற்றப் போகிறது? மாற்ற எதுவும் இல்லை. நோய் ஒன்று, மருந்து வேறு.

மண்நேசன் (நகரி) | திங்கள், பகல் 12:10

ஐயா, அப்படியானால் ஆபத்தில்லாத உருவம்தானே இருக்கிறது? கரையாது, நகராது என்று நீங்களே எழுதுகிறீர்கள். பிறகு எதற்குத் தார்ப்பாய், எதற்குப் பயம்? அந்த எருவில் தழைச்சத்தும் இருக்குமே. ரோமமும் தோலும் மக்கினால் நைட்ரஜன்தானே?

மண் ஆய்வு மாணவி (குப்பம்) | திங்கள், மாலை 5:48

அண்ணா, நல்ல கேள்வி. நானும் முதல் வருடம் இதையே கேட்டேன்.

மூன்று நகராது என்பது உண்மை. ஆனால் மண்ணில் மூன்றை மறுபடி ஆறாக்கும் ஒரு பொருள் இருக்கிறது, மாங்கனீசு ஆக்சைடு. கொல்லை மண்ணில் கட்டியை உடைத்தால் உள்ளே கரும்பழுப்புப் புள்ளிகள் தெரியுமே, அது. அந்த ஆக்சைடையும் பெருமளவு உண்டாக்குவது பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். ஆக, ஒரு கூட்டம் நுண்ணுயிர் ஆறை மூன்றாக்குகிறது. இன்னொரு கூட்டம் செய்து வைத்த மாங்கனீசு ஆக்சைடு மூன்றை ஆறாக்குகிறது. ஒரே கொல்லையில், ஒரு சாண் தூரத்தில் இரண்டும் நடக்கலாம்.

1979இல் பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கண்டபோது பலருக்கும் வியப்பு. அதற்கு முன் சோதித்தவர்களுக்கு ஏன் அகப்படவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆய்வுக்கூடங்களில் மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, டப்பாவில் வைத்துத்தான் சோதிப்பது வழக்கம். உலர்த்தி வைத்த மண்ணில் அந்த மாற்றம் நடக்கவில்லை. வயலிலிருந்து ஈரத்தோடு எடுத்து வந்த மண்ணில் நடந்தது. மண்ணின் உயிர்ப்பை உலர்த்திவிட்டு, உயிர்ப்பு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

மாறுவது மொத்தத்தில் சிறு பங்குதான், அதையும் சொல்லியாக வேண்டும். பழைய, இறுகிய ஹைட்ராக்சைடு மிக மெதுவாக மாறும். புதிய கசடில் கரிமப் பொருளோடு சேர்ந்து கரைந்த நிலையில் இருக்கும் குரோமியம் சற்று வேகமாக மாறும். ஆனால் குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அவ்வளவு குறைந்த வரம்பைத் தாண்டச் சிறு பங்கு போதும்.

தழைச்சத்து பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் கரிம உரத்துக்கு நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் குரோமிய வரம்பு கிலோவுக்கு 50 மில்லிகிராம். காட்மியத்துக்கு 5, ஈயத்துக்கு 100, பாதரசத்துக்கு 0.15. அக்கா அந்த எருவைச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கழனிக்காரி (குடிபாலா) | திங்கள், இரவு 8:15

தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் மண் அணைத்துவிட்டோம். நன்றி ஐயா, நன்றி தங்கை.

ஒன்று விளங்கவில்லை. கழனி தண்ணீர் நிற்கும் இடம், கொல்லை காயும் இடம். இரண்டிலும் உலோகம் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா? சோதனைக்கு இரண்டு இடத்திலும் மண் எடுக்க வேண்டுமா?

மண் ஆய்வு மாணவி (குப்பம்) | திங்கள், இரவு 9:30

அக்கா, நீங்கள் கேட்டதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழனியில் தண்ணீர் கட்டிய ஓரிரு நாளில் சேற்றிலுள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். பிறகும் அவை மூச்சு விட்டாக வேண்டும். ஆக்சிஜன் இல்லாதபோது நைட்ரேட், அது தீர்ந்தால் மாங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேட் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். நடவு முடிந்து ஒரு மாதமான கழனியில் இறங்கி, கால்விரல் புதையும் ஆழத்திலிருந்து ஒரு பிடி சேறு எடுத்துப் பாருங்கள். கருப்பாக இருக்கும், அழுகிய முட்டை வாடை லேசாக வரும். அது சல்பேட்டை மூச்சாக எடுத்தவர்கள் விட்ட சல்ஃபைடு. அந்த உருண்டையை வரப்பில் வைத்துவிட்டுக் களை எடுத்துத் திரும்பி வாருங்கள். மேற்புறம் பழுப்பாக மாறத் தொடங்கியிருக்கும். பிய்த்தால் உள்ளே இன்னும் கருப்பு. காற்று எதுவரை போயிருக்கிறது என்பதை அந்த நிறமே காட்டிவிடும்.

ஒரு நெற்பயிரையும் வேரோடு பிடுங்கி அலசுங்கள். வேர் வெள்ளையாக இருக்காது, துரு நிறத்தில் இருக்கும். நெல் தன் வேர் வழியாகக் கொஞ்சம் ஆக்சிஜனைக் கீழே இறக்குகிறது. அங்கே கரைந்திருந்த இரும்பு துருவாகி வேரின்மேல் படிகிறது. அந்தத் துருப் போர்வை ஆர்சனிக்கையும் இன்னும் சில உலோகங்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது உலோகங்களுக்கு வருகிறேன். சேற்றில் சல்ஃபைடு இருக்கும்வரை காட்மியம் அதோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்ததும் சல்ஃபைடு ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும், காட்மியம் வெளியே வரும், நெல்மணிக்குள் ஏறும். ஜப்பானின் டோயாமாவில் ஜின்சு ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல்களில் சுரங்கத்துக் காட்மியம் சேர்ந்து, அரிசி உண்டவர்களின் எலும்புகள் நொறுங்கின. வலி தாங்காமல் அவர்கள் கதறிய சொல்லே அந்த நோயின் பெயர், 'இதாய் இதாய்'. 1968இல் அந்த அரசு அதை மாசால் வந்த நோய் என்று ஏற்றது.

ஆர்சனிக் நேர் எதிர். காய்ந்த மண்ணில் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும். தண்ணீர் கட்டியதும் இரும்பை மூச்சாக எடுக்கும் பாக்டீரியா துருவைக் கரைத்துவிட, ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபடும். நெல் அதைச் சிலிக்கா என்று எண்ணி அதே வழியில் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் ஆர்சனிக் குறையும், காட்மியம் கூடும். எப்போதும் தண்ணீர் நிறுத்தினால் காட்மியம் குறையும், ஆர்சனிக் கூடும். 'கன உலோகத்துக்கு மருந்து' என்று ஒரே கேனைக் காட்டினால் எந்த உலோகத்துக்கு என்று கேளுங்கள்.

குரோமியத்தைப் பொறுத்தவரை தண்ணீர் நிற்கும் கழனி பெரும்பாலும் நல்லது. கரைந்த இரும்பும் சல்ஃபைடும் ஆறை மூன்றாக்கிவிடும். கொல்லைதான் கவலை. அதனால் இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும் அக்கா, தனித்தனிப் பையில்.

வேதியியல் வாத்தியார் (சித்தூர்) | செவ்வாய், காலை 6:55

மகள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். இதோடு பாதரசத்தையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே நுண்ணுயிர் நமக்கு எதிராக வேலை செய்கிறது. காற்றில்லாத சேற்றில் சல்பேட்டையும் இரும்பையும் மூச்சாக எடுக்கும் சில பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது உடலில் தங்கும், மீனில் சேரும், மீனைத் தின்ற மீனில் இன்னும் கூடும். ஜப்பானின் மினமாட்டா ஊரில் மீன் உண்டவர்களை வாட்டிய அந்த நஞ்சு ஆலையிலிருந்தே நேராக வந்தது. ஆனால் ஏரிச் சேற்றில் அதே நஞ்சை ஆலை இல்லாமலே பாக்டீரியா செய்ய முடியும் என்பது 1969இல் தெரிந்தது. அதைச் செய்யும் இரண்டு மரபணுக்களை 2013இல்தான் பிரித்துக் காட்டினார்கள். வேறு சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை ஆவியாக்கி வெளியே விடும். மண்ணுக்கு விடுதலை, காற்றுக்குச் சுமை.

நான் பணியில் இருந்த கடைசி வருடம் மாணவர்களுக்குச் செய்து காட்டிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு கண்ணாடி ஜாடிகளில் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற ஆறு இணைதிறன் குரோமிய உப்பின் மிக மெல்லிய கரைசல். எலுமிச்சைத் தோலின் மஞ்சள். ஒன்றில் ஏரிச் சேறும் ஒரு துண்டு வெல்லமும் போட்டோம். மற்றதில் அதே வெல்லம், அதே சேறு, ஆனால் பிரஷர் குக்கரில் வேகவைத்த சேறு. இரண்டையும் மூடி வைத்தோம். ஒரு வாரத்தில் முதல் ஜாடியில் மஞ்சள் மறைந்தது. வெந்த சேறு போட்டதில் நிறம் சற்று மங்கியதே தவிர நின்றது. பிறகு இரண்டிலிருந்தும் சில சொட்டு எடுத்து, அமிலம் சேர்த்து, ஆறு இருந்தால் நிறம் காட்டும் டைஃபீனைல் கார்பசைடு விட்டோம். இரண்டாவது கத்தரிப்பூ நிறத்துக்குப் பாய்ந்தது. முதலாவது தண்ணீராகவே இருந்தது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், குரோமியம் எங்கே போயிற்று?" என்று கேட்டான். சேற்றில்தான் இருக்கிறது என்றேன். ஜாடியின் அடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் இதை வீட்டில் செய்ய வேண்டாம். டைகுரோமேட் கையில் பட்டாலே புண்ணாக்கும்.

மஞ்சள் கிணறு (வாலாஜா) | செவ்வாய், காலை 9:20

இந்த விவாதத்தை நேற்றிலிருந்து படிக்கிறேன். எங்கள் பக்கம் ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் (ஆறு இணைதிறன் குரோமிய உப்பு) ஆலையின் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் மேடாகக் கிடப்பதை அறிவீர்கள். 1990களின் நடுவில் ஆலை மூடியது, மேடு போகவில்லை. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியல் ஒன்றில் எங்கள் ஊர்ப் பெயரைப் படித்தபோது என் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். மழைக்குப் பிறகு மேட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் மஞ்சள். எங்கள் கிணற்றையும் மூடிவிட்டோம்.

ஐயா காட்டிய ஜாடியில் மஞ்சள் போனதே, அப்படி எங்கள் ஊர் மஞ்சளும் போகுமா? வெல்லத்தை வண்டி வண்டியாகக் கொட்டத் தயார்.

மண் ஆய்வு மாணவி (குப்பம்) | செவ்வாய், பகல் 1:05

அண்ணா, உங்கள் கேள்விக்கு மேடு வேறு, நிலத்தடி நீர் வேறு என்று பிரித்துத்தான் பதில் சொல்ல முடியும்.

குரோமேட் ஆலைக் கழிவு கடும் காரத்தன்மை கொண்டது. கார நிலை (pH) பதினொன்று, பன்னிரண்டு என்று போகும். குரோமேட்டின் செறிவும் மிக அதிகம். அந்தச் சூழலில் மிகச் சில நுண்ணுயிர்களே பிழைக்கும், பிழைப்பவையும் மெதுவாகத்தான் வேலை செய்யும். மேட்டுக்கு வெல்லம் பயன்படாது. அதை அள்ளி எடுக்க வேண்டும், அல்லது மழை புகாமல் மேலும் கீழும் அடைக்க வேண்டும். அது பொறியாளர் வேலை, அரசின் கடமை.

மேட்டிலிருந்து விலகி, நீர்த்துப்போய், நிலத்தடியில் நகரும் மஞ்சளுக்கு நுண்ணுயிர் உதவும். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் அணு உலை வளாகத்தின் அடியில் குரோமேட் நிலத்தடி நீரோடு கொலம்பியா ஆற்றை நோக்கி நகர்ந்தது. 2004இல் அங்கே லாக்டேட்டை மெதுவாக விடும் ஒரு பொருளை ஆழ்துளை வழியே செலுத்திப் பார்த்தார்கள். அங்கிருந்த நுண்ணுயிர்களே பெருகி, ஆக்சிஜனைத் தீர்த்து, குரோமேட்டை மூன்றாக்கிப் படியவைத்தன. வெளியிலிருந்து கேனில் நுண்ணுயிர் எதையும் கொண்டுபோகவில்லை. உணவுதான் கொடுத்தார்கள்.

ஆனால் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கொலராடோவில் ரைஃபிள் என்ற இடத்தில் யுரேனியத்துக்கு இதே வழியில் அசிட்டேட் கொடுத்தார்கள். ஜியோபாக்டர் என்ற இரும்பு சுவாசிக்கும் பாக்டீரியா பெருகியது, யுரேனியம் குறைந்தது. சில வாரங்களில் சல்பேட் சுவாசிப்பவை அந்த இடத்தைப் பிடித்ததும் கரைந்த யுரேனியம் மறுபடி ஏறத் தொடங்கியது. ஊற்றிவிட்டுத் திரும்பி வரும் வேலை இல்லை இது. வருடக்கணக்கில் கூடவே இருந்து அளந்து பார்க்க வேண்டும்.

டிரம் போட்டவன் (ஆம்பூர்) | செவ்வாய், பகல் 2:30

வாலாஜாத் தம்பியின் பதிவைப் படித்ததும் சோறு இறங்கவில்லை. நாங்கள் சம்பளம் வாங்கிய தொழில் இது. பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 தமிழ்நாட்டில். எங்கள் ஊரைத் தாண்டும் இடத்தில் அது என்ன நிறத்தில் ஓடியது என்று எனக்குத் தெரியும். 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பில், தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகக் குறித்திருக்கிறார்கள். மாசு செய்தவனே விலை தர வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. அந்த நிலத்தில் என் மாமனாரின் ஒன்றரை ஏக்கரும் உண்டு. இன்றைக்கும் அங்கே கருவேலம்தான்.

கழனிக்காரி (குடிபாலா) | செவ்வாய், மாலை 6:40

மாமியார் அந்த எருவைக் கொளுத்திவிடலாம் என்கிறார். பக்கத்துக் கழனிக்காரர் சுண்ணாம்பு கலந்து கொல்லையில் புதைத்துவிட்டால் கட்டுப்படும் என்கிறார். வியாபாரி போனை எடுக்கவில்லை.

வேதியியல் வாத்தியார் (சித்தூர்) | செவ்வாய், மாலை 6:52

கொளுத்தவே கூடாது அம்மா. மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மூன்றாக இருக்கும் குரோமியம் சூட்டில் காற்றோடு சேர்ந்து ஆறாக மாறும். சுண்ணாம்பு கலந்திருந்தால் இன்னும் எளிதாக மாறும், கால்சியம் குரோமேட் உண்டாகும். தோல் கசடில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. குரோமேட் ஆலைகளே தாதுவைக் காரத்தோடு வறுத்துத்தான் குரோமேட் எடுக்கின்றன. அதையே உங்கள் வரப்பில் செய்வதாகிவிடும். சாம்பலில் மஞ்சள் தெரிந்தால் அதுதான். மூச்சில் போகும், மழையில் கிணற்றுக்குப் போகும்.

சுண்ணாம்பு காட்மியத்தையும் ஈயத்தையும் கட்டும். ஆறான குரோமியத்தையும் ஆர்சனிக்கையும் கட்டாது, அவிழ்த்துவிடும். உங்கள் கொல்லையில் எது எவ்வளவு என்று தெரியாமல் எதையும் கலக்க வேண்டாம்.

மண்நேசன் (நகரி) | செவ்வாய், இரவு 8:20

நேற்று நான் எழுதிய முதல் பதிவில் 'எந்த நஞ்சும் நிற்பதில்லை' என்று சொன்னேன். தவறு. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஜீவாமிர்தத்தை விடமாட்டேன், ஆனால் அது உலோகத்துக்கு மருந்து என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஒரு சந்தேகம். நுண்ணுயிர் உலோகத்தை மாற்றுவதைப் பேசுகிறோம். உலோகம் நுண்ணுயிரை என்ன செய்கிறது? என் நிலக்கடலையில் வேர்முடிச்சு நன்றாக இருக்கிறது. அதை இழக்க எனக்கு மனம் வராது.

மண் ஆய்வு மாணவி (குப்பம்) | செவ்வாய், இரவு 9:45

அண்ணா, அதற்கு நேரான பதில் இங்கிலாந்தில் இருக்கிறது. வோபர்ன் என்ற ஆய்வுப் பண்ணையில் 1942 முதல் 1961 வரை நகரச் சாக்கடைக் கசடை உரமாகப் போட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் கழித்து அந்த நிலத்தில் குளோவர் என்ற பயறு இனத் தீவனப் பயிரை வளர்த்துப் பார்த்தபோது வேரில் முடிச்சு இருந்தது, ஆனால் அது தழைச்சத்தைப் பிடிக்கவில்லை. வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாவான ரைசோபியத்தில் உலோகம் தாங்கும் ஒரு வகை மட்டும் மிஞ்சியிருந்தது, அது வேலை செய்யாத வகை. செடி மேலே பார்க்கப் பச்சையாகத்தான் முளைத்தது. முடிச்சைக் கீறிப் பார்த்தால்தான் தெரியும். நல்ல முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பு இருக்கும். நீங்களும் நாளைக்கு ஒரு கடலைச் செடியைப் பிடுங்கி நகத்தால் கீறிப் பாருங்கள்.

அக்கா, மண் எடுக்கும் முறை. கொல்லையில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஒரு சாண் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். சீவுவதற்கு மரப்பட்டையோ பிளாஸ்டிக்கோ போதும். எவர்சில்வர் கரண்டி வேண்டாம், அதிலேயே குரோமியம் இருக்கிறது. எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை எடுத்து, அரை கிலோ வரும்வரை குறையுங்கள். கழனிக்கும் எருவுக்கும் தனித்தனியாக இதே முறை. வெயிலில் காய வைக்காதீர்கள். ஈரத்தோடு பையைக் கட்டி, ஐஸ் டப்பாவில் கொடுங்கள். மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் இரண்டும் தனித்தனியாக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் அந்தத் தாளால் பயன் இல்லை. உப்பின் அளவும் கேளுங்கள், ஆம்பூர் அண்ணன் சொன்னதற்காக. கிணற்றுத் தண்ணீரும் ஒரு பாட்டில்.

கழனிக்காரி (குடிபாலா) | மறுவாரம் வெள்ளி, மாலை 5:15

சோதனைத் தாள் வந்துவிட்டது. கழனி, கொல்லை, கிணறு மூன்றும் தப்பின. கொல்லையில் மொத்தக் குரோமியம் சாதாரண மண்ணில் இருக்கும் அளவுதான், ஆறு இணைதிறன் அகப்படவில்லை. எருவில் மொத்தக் குரோமியம் நாலு இலக்கத்தில் இருக்கிறது. வரம்பு 50 என்று தங்கை எழுதியிருந்தாள். அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சுட்டு விரலை வைத்துப் படித்தேன். உப்பும் மிக அதிகம்.

தாளின் நகலோடு ஊர்ப் பெரியவர் இருவரை அழைத்துக்கொண்டு வியாபாரியின் கிடங்குக்கே போனோம். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கொடுக்க எழுதிய மனுவையும் காட்டினோம். எருவை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். எடுத்துப் போய் வேறு யார் கழனியில் கொட்டுவார் என்ற கேள்வி இரவு முழுதும் தூங்கவிடவில்லை. அதனால் மனுவை நிறுத்தவில்லை, இன்று காலை கொடுத்துவிட்டேன். அபாயக் கழிவுக்கான பாதுகாப்புக் கிடங்கில் இறக்கியதற்கு ரசீது வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

டிராக்டர் நாளை காலை வருகிறது. மேடு இருந்த இடத்தை என்ன செய்வது ஐயா?

வேதியியல் வாத்தியார் (சித்தூர்) | வெள்ளி, மாலை 5:40

மேட்டின் அடியிலும் சுற்றி இரண்டு முழம் வரையிலும் நான்கு விரல் ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி அதே டிராக்டரில் ஏற்றிவிடுங்கள். கையுறையும் செருப்பும் இல்லாமல் யாரையும் இறங்கவிடாதீர்கள். பிறகு அங்கே தொழுவ எருவைப் போட்டு மண்ணை மூடி வையுங்கள். அது மண்ணில் இருக்கும் நுண்ணுயிருக்கு உணவு. மிச்சம் மீதி இருந்தால் மூன்றாகவே இருக்க அது உதவும். இந்த வருடம் அந்த இடத்தில் கடலை வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரை இன்னொரு முறை சோதியுங்கள்.

மண்நேசன் (நகரி) | வெள்ளி, மாலை 6:05

அக்கா, நாளை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். மண்வெட்டியும் ஆறு ஜோடி கையுறையும் கொண்டு வருகிறேன். கடலைச் செடியைக் கீறிப் பார்த்தேன், முடிச்சுக்குள் இளஞ்சிவப்பு.

கழனிக்காரி (குடிபாலா) | சனி, பகல் 12:30

ஏற்றி முடித்துவிட்டோம். இரண்டு டிராக்டர் கொட்டிய இடத்திலிருந்து இரண்டரை டிராக்டர் போயிருக்கிறது. சுரண்டிய இடத்தில் அடிமண் சிவப்பாகத் தெரிகிறது. ஒரு மூலையில் மட்டும் நீலச் சுருள் ஒன்று மண்ணுக்குள் செருகிக்கொண்டிருந்தது, நகரித் தம்பி அதையும் பொறுக்கிப் பையில் போட்டான். வியாபாரி விட்டுப்போன கேன் இன்னும் கிணற்றடியில் இருக்கிறது. அதையும் வண்டியில் ஏற்ற மறந்துவிட்டோம். மூடியைத் திறக்கவில்லை. என்ன செய்யட்டும்?

மண் ஆய்வு மாணவி (குப்பம்) | சனி, பகல் 12:48

திறக்க வேண்டாம் அக்கா. திங்கட்கிழமை சித்தூருக்கு வருகிறேன், நானே எடுத்துக்கொண்டு போகிறேன். தட்டில் வளர்த்துப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.